ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பஸ்

பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்கு முதல் டவுன் பஸ் ஏழரைக்குத்தான். அதில் போனால் மணி அடிக்கும்போது வகுப்புக்குள் நுழையலாம். வகுப்பு முடிந்தால் ஆய்வகம், ஆய்வகம் முடிந்தால் ரெக்கார்டு. பி.எஸ்சி. கடைசி வருடம் அதிலேயே கரைந்துகொண்டிருந்தது. மதுரையில் எம்.எஸ்சி. சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் படிக்க எனக்கு விடியற்காலை மட்டுமே மிச்சமிருந்தது.

அதனால் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறினேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். இருட்டு விலகுமுன் ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் பஸ் அது. வெளியாள் ஏறக் கூடாது. அங்கே தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கும் பெத்தம்மாள் அக்காதான் டிரைவர் தவசியிடம் எனக்காகப் பேசினாள்.

"அண்ணாச்சி, இவ நம்ம சங்கரபாண்டி மக கோமதி. வாயே திறக்க மாட்டா. ஒரு மூட்டைன்னு நெனச்சு ஏத்திக்கிடுங்க."

உள்ளே எரிவது ஒரே ஒரு பல்பு. அதன் கீழிருந்த இருக்கையை எனக்கு விட்டார்கள். படிக்கும்போது என் உதடு அசையும். என் வயதுக்காரி தெரசம்மாள் அதைப் பார்த்துத் தினமும் வம்புக்கு இழுப்பாள்.

"ஏட்டி, ஜெபமா சொல்லுதே? எங்க சாமியாரே இம்புட்டு சொல்ல மாட்டாரு."

சினிமா, மாமியார், மேஸ்திரியின் நடை என்று பஸ் முழுக்க இரைச்சலாக இருக்கும். அந்த இரைச்சலுக்குள்தான் நான் வெப்ப இயக்கவியலைப் படித்து முடித்தேன். கோவில்பட்டியில் இறங்கியதும் கல்லூரி நூலகத்துப் படியில் உட்கார்ந்து, வகுப்பு தொடங்கும்வரை கணக்குப் போடுவேன்.

பங்குனியில் ஹால் டிக்கெட் வந்தது. தெரசம்மாள் அதை வாங்கிப் பல்புக்கு நேராகப் பிடித்தாள்.

"என்னைக்குட்டி பரீட்ச?"

"அடுத்த ஞாயித்துக்கிழம. காலையில."

"ஞாயித்துக்கிழம ஏது ஆபீஸ் பஸ்?"

நான் அதை நினைக்கவே இல்லை. இத்தனை மாதமாக எனக்குக் கடிகாரமாக இருந்த பஸ்ஸுக்கு விடுமுறை நாள் ஒன்று உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. டவுன் பஸ்ஸில் போனால் மதுரையில் தேர்வு பாதி முடிந்திருக்கும். முந்தின நாளே போகலாம் என்றால், சனிக்கிழமை சாயங்காலம்வரை கல்லூரியில் செய்முறைத் தேர்வு. அதை விட்டால் டிகிரியே இல்லை. அப்பாவுக்கு சைக்கிள் விடத் தெரியாது. வண்டி மாட்டில் ஒன்றுக்குக் கால் வீக்கம். கோவில்பட்டியில் வகுப்புத் தோழிகள் இருந்தார்கள். ஓர் இரவு தங்கிக்கொள்ளட்டுமா என்று அவர்களைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நான் ஏறியதும் பெத்தம்மாள் அக்கா திரும்பிப் பாராமலே சொன்னாள்.

"நாளக்கழிச்சு பஸ் வருது. உங்கய்யாவையும் கூட்டிட்டு வந்துரு. பிந்தி வந்தா நிக்க மாட்டோம்."

எனக்கு விளங்கவில்லை. தெரசம்மாள்தான் விளக்கினாள். அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஆபீஸ் ஒரு நாள் லீவு விட்டிருந்தது. அப்படி விட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து ஈடுகட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அது மாதக் கடைசியில் வர வேண்டியது. பெத்தம்மாள் அக்கா கணக்கப்பிள்ளையிடம் போய் அதை முன்னால் இழுத்துவிட்டாள்.

"ஏன்னு கேட்டாரு. மாசக் கடைசி ஞாயித்துக்கிழம ஊர்ல எல்லா வீட்லயும் விசேஷம்னு அக்கா ஒரே போடா போட்டுட்டாக. அவரு பயந்துட்டாரு, எல்லா வீட்டுக்கும் மொய் எழுதணுமேன்னு!"

பஸ்ஸே சிரித்தது. நான் தெரசம்மாளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"உனக்குக் கோயில்ல பூசை இருக்குமே?"

"சாயங்காலப் பூசைக்குப் போய்க்கிடுதேன். சேசு கோவிச்சுக்கிட்டா நீ வந்து பதில் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை அப்பா டிரைவர் பக்கத்தில், பெண்கள் பக்கம் திரும்பாமல் விறைத்து நின்றுகொண்டு வந்தார். என் இடம் காலியாக இருந்தது. புத்தகத்தைத் திறந்தேன். யாரும் பேசவில்லை. யாரோ இருமியதற்குக்கூட "ச்சூ" என்று அதட்டல் வந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வரிகூட எனக்குள் இறங்கவில்லை.

கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றேன்.

"அக்கா, பேசுங்கக்கா. நீங்க பேசலன்னா எனக்குப் படிப்பு ஓடல."

இத்தனை மாதத்தில் அந்த பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஆத்தி, மூட்ட பேசுது!" என்றாள் பெத்தம்மாள் அக்கா. கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி இரைச்சல் எழுந்தது. அப்பாவே சிரித்துவிட்டார். பக்கங்கள் ஓடத் தொடங்கின.

தவசி அண்ணாச்சி ஆபீஸ் திருப்பத்தில் நிறுத்தாமல் பஸ் நிலையம்வரை கொண்டுவந்து, புறப்பட்டுக்கொண்டிருந்த மதுரை பஸ்ஸுக்கு ஆரன் அடித்து நிறுத்தினார்.

தேர்வு அறை அமைதியாக இருந்தது. முதல் கேள்வியை இரண்டு தடவை படித்தும் உள்ளே இறங்கவில்லை. கண்ணை மூடி, தெரசம்மாள் பஸ்ஸில் சொன்ன மாமியார் கதையை நினைத்துக்கொண்டேன். பிறகு எழுதினேன்.

எம்.எஸ்சி.யில் இடம் கிடைத்ததும் அப்பா கடம்பூர் போளி வாங்கி வந்தார். கல்லூரி முடிந்ததிலிருந்து நான் ஏறாத அந்த பஸ்ஸுக்குள் விடியற்காலையில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெத்தம்மாள் அக்கா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, பல்புக்குக் கீழ் இருந்த இடத்தைக் காட்டினாள்.

"செத்த உக்காந்துட்டுப் போ. ஒனக்குப் பொறவு அங்கன யாரும் உக்கார மாட்டேங்கா."