இரண்டாவது பெண்ணின் பெயர்

டெவனி குடும்பத்தில் மூத்த பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவளின் பெயரை வைப்பார்கள். இரண்டாவது பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர். அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறி வந்த வழக்கம் அது. ஸ்வர்ணாவுக்கு அதைச் சொன்னவன் அவள் கணவன் கெவின் டெவனி. அதைக் காட்டித்தான் அவர்கள் மகளுக்கு ஸ்வர்ணாவின் அம்மா பெயரையே வைத்தான். ருக்மிணி டெவனி.

கல்யாணச் செய்தி கும்பகோணம் போய்ச் சேர்ந்த அன்றே ஸ்வர்ணாவின் அப்பா காவிரியில் தலைமுழுகிவிட்டார். எப்படி முழுகினார் என்று கெவின் ஒருமுறை கேட்டான். "கட்டின வேஷ்டியோட. செத்தவாளுக்கு முழுகற மாதிரி. திரும்பிப் பாக்காம ஆத்துக்கு வந்துடணும்" என்றாள். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. குழந்தைக்கு அம்மா பெயரை வைத்த நாளில் மட்டும் அவள் வெகுநேரம் அழுதாள்.

அவனிடம் அவள் விழுந்ததே தமிழால்தான். அமெரிக்க அரசாங்கத்தின் தொண்டர் படையில் சேர்ந்து மானாமதுரைப் பக்கம் கோழி வளர்க்கக் கற்றுக்கொடுத்தவன் அவன். நியூ ஜெர்சியில் அவள் நூலகப் படிப்பு படித்த காலத்தில், கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் செம்பட்டை மயிர்க்காரன் ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்து, "காப்பி குடிக்கிறீகளா?" என்றான். கையிலிருந்த புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"உன் தமிழ்ல கோழி வாசனை அடிக்கறதுடா" என்பாள் இன்றும்.

"உன் தமிழ்ல மட்டும் என்னத்த? தயிர் வாடைதான்."

ஜெர்சி சிட்டி வீட்டுக்குள் இருவரும் தமிழ்தான் பேசினார்கள். பன்னிரண்டு வயது ருக்கு எல்லாம் புரிந்துகொண்டு இங்கிலீஷில் பதில் சொல்வாள்.

1984 ஆகஸ்டில் மாமனார் மார்ட்டினுக்கு எண்பது வயது. அதற்கு முந்தின கோடையில் கெவின் கேட்டான்:

"நீ லைப்ரரில வேலை பாக்கிறவ. அப்பாவுக்கு ஒரு வம்சப் படம் போட்டுக் குடு. கப்பல்ல வந்த தாத்தா மைக்கேல்ல இருந்து நம்ம ருக்கு வரைக்கும்."

"ருக்கு வரைக்குமா?"

"ருக்கு இல்லாம எப்பிடி?"

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஸ்வர்ணா அந்த வருஷம் முழுக்க உழைத்தாள். கும்பகோணத்தில் தன் மகளுக்கு இடமில்லை. இங்கே, இந்தச் செம்பட்டைத் தலைகளுக்கு நடுவே, ஒரு கோட்டின் நுனியில் அவள் பெயர் இருந்தால் போதும்.

பழைய சர்ச்சுகளுக்குப் போனாள். ரயில்பாதை போட வந்த அயர்லாந்துக்காரர்கள் குடியிருந்த தெருக்களில் நடந்தாள். படம் மெல்ல வளர்ந்தது. ஓர் இடத்தில் மட்டும் இடறியது. மைக்கேலுக்கு இரண்டு பெண்கள் என்றார்கள். மூத்தவள் பிரிட்ஜெட், அது அவள் அம்மாவைப் பெற்றவளின் பெயர். சரி. அடுத்தவள் பெக். மைக்கேலின் அம்மா பெயரோ நோரா. வழக்கம் பிசகாத மனிதர் பெற்றவளின் பெயரை விட்டிருப்பாரா? பெயர் வைப்பது என்னவென்று தெரிந்த ஊரிலிருந்து வந்தவள் ஸ்வர்ணா. நடுவில் ஒரு பெண் இருந்தே ஆகவேண்டும்.

"குழந்தையிலேயே செத்திருக்கும்" என்றான் கெவின், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஆனால் குடும்பக் கல்லறையில், குழந்தையில் செத்த இரண்டு பையன்களின் பெயர்களும் கல்லில் இருந்தன. நோரா இல்லை.

முதியோர் இல்லத்தில் இருந்த பெக் அத்தையைப் பார்க்கப் போனாள்.

"கெவினோட இந்தியாக்காரியா? வா. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்து ஊமை மாதிரி உட்கார்ந்திருப்பியே!"

"நீங்க யாரும் பேச்சை நிறுத்தி மூச்சு விட்டாத்தானே ஆன்ட்டி நான் பேச முடியும்."

கிழவி கொக்கரித்துச் சிரித்தாள். நோரா என்ற பெயரைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"தெருக்கோடியில ஒரு சீனாக்காரன் லாண்டரி வச்சிருந்தான். நோரா அவனைக் கட்டிக்கிட்டா" என்றாள் பெக். "அன்னிக்கு எங்கப்பா ஜன்னல் திரையெல்லாம் இழுத்துவிட்டார். கடிகாரத்தை நிறுத்தினார். கண்ணாடியைத் துணி போட்டு மூடினார். மேஜையைச் சுத்தி மெழுகுவத்தி. பிணம் மட்டும்தான் இல்ல. நாங்க எல்லாரும் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னோம். மார்ட்டின் சின்னப் பையன், அவ தூக்கி வளத்தவன், அழுது தீத்துட்டான். அவளானா உயிரோட அதே தெருக்கோடியில சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தா."

ஸ்வர்ணாவுக்குக் காவிரித் தண்ணீர் காலில் பட்டதுபோலச் சில்லிட்டது.

"இதெல்லாம் ஏன் தேடி அலைஞ்சே? கெவினுக்குத் தெரியுமே" என்றாள் பெக். "உன்னைக் கட்டிக்கப்போறேன்னு வந்து நின்னப்போ நானேதான் சொன்னேன். நோராவுக்கு நடந்ததை நினைவு வச்சுக்கோடா பையான்னேன்."

வீட்டுக்கு வந்து அவள் கெவினிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் கோழிக் கதைகள் சொன்னான், ருக்குவின் சைக்கிளுக்குச் செயின் மாட்டினான், நோராவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவள் படத்தை எழுதி முடித்தாள். பிரிட்ஜெட்டுக்கும் பெக்குக்கும் நடுவே நோரா. கெவினுக்கும் ஸ்வர்ணாவுக்கும் கீழே ருக்மிணி. சட்டம் போட்டு வருவதாகச் சொல்லிக் கெவினின் தங்கை மோரீன் அதை எடுத்துப்போனாள்.

பிறந்தநாள் விருந்து சர்ச் ஹாலில். கேக்குக்குப் பின்னால் சுவரில் படம் தொங்கியது. ஸ்வர்ணாவின் கையெழுத்து இல்லை. யாரோ விளம்பரப் பலகை எழுதுகிறவனிடம் கொடுத்து, தங்க மசியில் புதிதாக எழுதியிருந்தார்கள். நோரா இல்லை. மோரீனுக்குக் கீழே அவள் பிள்ளைகள் நாலு பேரும் இருந்தார்கள். கெவின் என்ற பெயருக்குப் பக்கத்திலும் கீழேயும் வெறும் தாள்.

"மாம், வேர் ஆம் ஐ?" என்றாள் ருக்கு.

ஸ்வர்ணா கெவினைப் பார்த்தாள். அவன் கிட்டே வந்தான். சுற்றிலும் சொந்தக்காரர்கள். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, ஏதோ நல்ல சமாச்சாரம் சொல்கிற மாதிரித் தமிழில் பேசினான்.

"சத்தம் போடாத, ஸ்வர்ணா. மோரீன் கெஞ்சுனா. நோரா பேரப் பாத்தா அப்பாவுக்கு நெஞ்சு அடைச்சிரும்னா. உன் பேரையும் ருக்கு பேரையும் அப்பிடியே விட்டுருவோம், வாறவுக ஆளுக்கொண்ணு கேப்பாகன்னா. நானும் சரின்னுட்டேன். இன்னைக்கு ஒரு நாளு பொறுத்துக்க. அப்பறம் சேத்துக்கிடலாம்."

"நோராவைப் பத்தி உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

அவன் சிரிப்பு அப்படியே இருந்தது.

"அவங்க பாஷையில கெவின் பேசறதைக் கேக்க எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள் மோரீன் பக்கத்திலிருந்தவளிடம்.

வெளியார் யாருக்கும் எட்டாத அவர்களுடைய மொழி. அதில் பேசிக்கொண்டுதான் அவன் மகளை அழித்தான். அதைப் புரிந்துகொண்ட இன்னொருத்தி அந்த ஹாலில் இருந்தாள். ருக்கு தன் ஷூவைப் பார்த்தபடி நின்றாள்.

மார்ட்டினைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். கிழவர் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு விரலால் தடவிப் படித்தார். பிரிட்ஜெட்டுக்கும் பெக்குக்கும் நடுவே விரல் கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கிக் கெவினிடம் வந்தது.

"அந்தக் குட்டி எங்கே? கறுப்பு முடிக்காரி?"

"எழுதினவன் விட்டுட்டான், டாட்" என்றான் கெவின் இங்கிலீஷில். "திருத்தச் சொல்றேன்."

கிழவர் ருக்குவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரோ கேக் வெட்டலாம் என்றார்கள்.

ஆக, பெயரை எடுக்கச் சொல்லிக் கிழவர் கேட்கவில்லை. யாரும் அவன் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஒரு தங்கை கெஞ்சினாள், ஒரு பிற்பகல் சங்கடமில்லாமல் போகட்டும் என்று அவன் தலையாட்டினான். அவ்வளவுதான்.

காரில், "ஏதாச்சும் சொல்லு" என்றான் ஒருமுறை. அவள் வெளியே போகும் வீடுகளைப் பார்த்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து பிளாஸ்டிக் வாளியை நிரப்பினாள். பட்டுப்புடவை, வளையல், எதையும் கழற்றவில்லை. சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டு அவன் கதவைத் தள்ளினான். பார்த்தான். பார்த்ததும் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவனுக்குத் தமிழ் தெரியும்.

"ஸ்வர்ணா... கட்டின சீலையோடயா?"

"ஐ வில் பி அவுட் இன் எ மினிட், கெவின்" என்றாள்.

அந்த வீட்டுக்குள் அவனிடம் அவள் பேசிய முதல் இங்கிலீஷ் அது. அவன் தமிழில் என்னவோ ஆரம்பித்தான். அவள் அடுத்த சொம்பை மொண்டாள்.