திரும்பி வந்த தோள்வலி

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் பரோட்டா மாஸ்டராக இருந்த மக்பூலுக்கு வலது தோளில் ஆபரேஷன் நடந்தது. பல வருஷம் மாவு வீசி வீசிக் கிழிந்துபோன ஜவ்வைத் தைத்திருந்தார்கள். கையைத் தாங்கிய பெல்ட்டும் கழன்று, சட்டையைத் தானே மாட்டிக்கொள்ளும் அளவுக்குத் தேறிய பிறகு, வலி மறுபடி தலைதூக்கியது. தோளைத் திருப்பினால் கடக்கென்று சத்தம் வேறு.

"டாக்டர் ஒழுங்கா தைக்கல போலருக்கு" என்றான்.

அவன் மனைவி நூரைனுக்கும் முதலில் டாக்டர் மேல்தான் சந்தேகம். பிறகு ஒன்றைக் கவனித்தாள். பிசியோதெரபிக்கு என்று வேங்கிக்கால் போய்வரும் நாட்களில்தான் வலி ஜாஸ்தி. சட்டையில் எண்ணெய்ப் புகை வாடையும் அடித்தது. பயிற்சி கொடுக்கும் ஆர்த்திக்குப் போன் போட்டாள்.

"அவர் இங்க வந்தே ரொம்ப நாளாச்சேக்கா!"

நூரைன் போனை வைத்தாள். திருட்டுத்தனமாக வேலைக்குப் போகிறானா? இல்லை, வேறு ஏதாவதா? கேட்டால் மழுப்புவான். மறுநாள் அவன் ஏறிய கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசலில் அவளும் ஏறினாள்.

அவன் போனது அவனுக்குத் தெரிந்த சின்னசாமியின் பரோட்டாக் கடைக்கு. ஆளில்லாத மதிய நேரம். சின்னசாமி கல்லாவில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மக்பூல் வலது கையால் மாவை அழுத்திப் பிசைந்தான். பிறகு உருண்டையைத் தட்டி இடது கையால் வீசினான். மாவு கோணலாகப் பறந்து கிழிந்தது. இன்னொன்றை எடுத்தான்.

"என்னங்க இது?"

திடுக்கிட்டுத் திரும்பினான். "ஆறிடுச்சுன்னு டாக்டர் சொன்னது பொய்னு தோணுச்சு நூரைன். இந்தக் கை இனி ஆவாது. அதான் இடது கையைப் பழக்குறேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீயும் பயந்துடுவேன்னுதான்."

அவள் விடாமல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். புது ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் முறைத்தார். "தையல் நல்லாத்தான் புடிச்சிருக்கு. சுத்தியிருக்கிற தசைக்குத்தான் பலம் கம்மி. பயிற்சிய விட்டுட்டு மாவு பிசைஞ்சா வலிக்காம என்ன செய்யும்?"

வெளியே வந்ததும் மக்பூல் கேட்டான்: "நெசமாத்தான் சொல்றாரா?"

"நம்பிக்கை இல்லன்னா வேலூர்ல காட்டலாம்."

வேலூர் டாக்டரும் அதையே சொன்ன பிறகுதான் அவன் முகம் தெளிந்தது. வீசுவதற்கு இன்னும் நாளாகும் என்றார் அவர். மக்பூல் ஒழுங்காகப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தான். வலி மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனாலும் நூரைன், அவன் முடித்து வரும்வரை ஆர்த்தியின் அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.