புளி போட்டு விளக்கிய துவக்கு

நிஷாந்திக்கு வேண்டியிருந்தது துவக்கு இல்லை, ஒரு கதவு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், பிள்ளை பெற்ற பொம்பளைக்கு எதற்கு இந்த வெடி ஆசை என்று தோட்டத்து ஜனம் கேட்ட மாதிரி நீங்களும் கேட்பீர்கள்.

மலையகத்தில் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவள் தேயிலை ஃபெக்டரியின் கேட் காவல்காரி. கையில் ஒரு தடி, கழுத்தில் ஒரு விசில், அவ்வளவுதான் ஆயுதம். வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு பக்கம் அவளும் புருஷன் சுமனும் மகள் லோஜினியும், மறுபக்கம் சுமனுடைய அண்ணன் குடும்பம். நடுவில் ஒரு பழைய சேலை தொங்கும். லோஜினி பெரிய பிள்ளையாகி வருஷம் ஒன்றாகிவிட்டது. அவள் உடுப்பு மாற்றும்போதெல்லாம் நிஷாந்தி அந்தச் சேலையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிள்ளை அவசர அவசரமாகச் சட்டையைத் தலையில் மாட்டும்.

அந்த நேரத்தில்தான் தேயிலை மூட்டை ஏற்றிப் போன லொறியை வழியில் யாரோ மறித்தார்கள். கம்பெனிக்கு ரோஷம் வந்துவிட்டது. டியூட்டிக்கு ஒரு குட்டைத் துவக்கு வாங்க அனுமதி எடுத்தார்கள். காவலில் இருந்த நிஷாந்தியையும் அழகனையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டு பேரும் சுடப் பழகி வந்தார்கள். துவக்கைப் பொறுப்பெடுப்பவருக்குக் கேட்டுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் குவாட்டஸ் கிடைக்கும் என்று சொன்னார் தோட்டத்து மேனேஜர் தொரை. சின்ன வீடுதான். ஆனால் அதில் ஒரு அறை இருந்தது, அறைக்கு ஒரு கதவு இருந்தது.

"ரெண்டு பேருக்கும் சுட ஏலும். ஆனா ஒண்ணுதான் வாங்கப் போறோம்" என்றார் தொரை. "கடைக்குப் போய்ப் பாருங்க. யாரு நல்லதாத் தெரிஞ்செடுக்கிறாங்களோ, அவங்கதான் தூக்கணும்."

சமைக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சட்டி வாங்கத் தெரியாது. அழகனுக்கு அந்தக் கவலையே இல்லை. வருஷா வருஷம் முனியாண்டி கோயிலுக்குக் கிடாய் பிடித்து வருகிறவர் அவர்தான். அவர் கை வைத்த கிடாய் சோடை போனதாகச் சரித்திரம் இல்லை. கிடாய் பார்த்த கண்ணுக்குத் துவக்கு எம்மாத்திரம் என்று மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தார்.

நிஷாந்திக்கு அப்படி ஒரு கீர்த்தியும் கிடையாது. அவள் சுமனுடைய போனை வாங்கி, யாரோ ஒரு வெள்ளைக்காரன் துவக்கைக் கழற்றிக் காட்டுகிற வீடியோக்களைத் தேடிப் பிடித்தாள். அவன் பேசிய இங்கிலீசு ஒரு மண்ணும் விளங்கவில்லை. பாஷை விளங்காவிட்டால் என்ன, கை விளங்குமே. அவன் முதலில் தோட்டா இல்லையென்று பார்த்தான். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தான். கட்டையில் கீறல் இருக்கிறதா என்று பெருவிரலால் தடவினான். காதோரம் வைத்து ஆட்டினான். திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தால் உதட்டைப் பிதுக்கினான். நிஷாந்தியும் பிதுக்கிப் பார்த்தாள்.

பிறகு வீட்டில் ஒரு குழாய் மிஞ்சவில்லை. தண்ணிக் குழாய், அடுப்பூதும் குழல், மருந்தடிக்கிற பம்புக் குழாய் எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். குடையை எடுத்துக் காதோரம் ஆட்டினாள். சுமனுடைய ஆட்டோவின் புகைக் குழாய்க்கு முன்னால் அவள் குனிந்தபோது அவன் அலறிவிட்டான்.

"ஏய் நிஷா! ஊரு சனம் பாக்குது. பேய் புடிச்சிருச்சுன்னு பேசுறாங்க."

"பேசட்டுங்க. உள்ளுக்கு ஒரே கரி. எப்பங்க கழுவுனீங்க?"

கடைக்குப் போகிற நாளும் வந்தது. தோட்டத்து ஜீப்பில் இரண்டு பேரும் டவுனுக்குப் போனார்கள். கடை முதலாளி நாலு துவக்குகளை மேசையில் பரப்பினார். எல்லாம் கைமாறி வந்தவை.

அழகன் முதலாவதைத் தூக்கிக் கனம் பார்த்தார். முதுகைத் தடவுகிற மாதிரித் தடவினார். வாயைப் பிளந்து பல்லைப் பார்க்க வழியில்லாததுதான் குறை. நாலாவதைத் தூக்கியதும் அவர் முகம் மலர்ந்தது. கருகருவென்று, எண்ணெய் மினுங்க, நல்ல கனமாக இருந்தது.

"இதுதான்" என்று மார்போடு அணைத்துக்கொண்டார். "கையில எடுத்தவொடனயே தெரியுதுல்ல?"

நிஷாந்தி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றில் கைப்பிடிக் கட்டை வெடித்து ஒட்டியிருந்தது. இன்னொன்றின் குழலுக்குள்ளே கறுப்புக் கறுப்பாகத் துரு. மூன்றாவதை ஆட்டினால் கிலுகிலுத்தது. நாலாவதின் ஆணித் தலைகள் எல்லாம் கடித்துக் குதறிய மாதிரி இருந்தன. இவ்வளவு தேய்ந்த ஆணிக்கு இவ்வளவு புதுக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று அவள் நகத்தால் சுரண்டப் போனாள். முதலாளி வெடுக்கென்று வாங்கிக்கொண்டார்.

"நகம் பட்டா பொலிஷ் போயிரும் தங்கச்சி."

பூச்சுக்குக் கீழே எதையோ மறைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. நாலில் எதையாவது காட்டி, இதுதான் என் தெரிவு என்று சொன்னால் போட்டியில் இருக்கலாம். ஒன்றும் வேண்டாம் என்றால் குவாட்டஸ் நேராக அழகன் கைக்குப் போய்விடும். ஒரு நிமிஷம் அந்த மூன்றாவதின் மேல் கையை வைத்தாள். கிலுகிலுப்புத்தானே, யாருக்குக் கேட்கப் போகிறது என்று மனசு சொன்னது. சுடுகிறபோது அது கன்னத்தோடு சேர்ந்து இருக்கும் என்பது ஞாபகம் வந்தது. கையை எடுத்தாள்.

"அண்ணே, இதுல ஒண்ணும் வேணாம். நீங்க வச்சிருக்கிறதும் வேணாம்ணே. ஆணியப் பாருங்க."

"ஆணியவா சுடப் போறோம்?" என்றார் அழகன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

தொரையிடம் வந்து அவள் அதையே சொன்னாள். தொரைக்கு எரிச்சல். "தெரிஞ்செடுக்கச் சொன்னா, ஒண்ணும் சரியில்லன்னு வந்து நிக்கிறீங்க. அழகன் எடுத்திட்டு வந்திருக்காரே."

அன்று சாயங்காலம் நிஷாந்தி தன் மேலேயே காறித் துப்பாத குறையாக அழுதாள். நல்லவள் வேஷம் போட்டு மகளின் கதவைத் தொலைத்துவிட்டோமே என்று இருந்தது. சுமன் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை முனியாண்டி கோயிலில் துவக்குக்குப் பூசை. பூசை முடிந்ததும் தொரை கையால் அழகனுக்குத் துவக்கும் குவாட்டஸ் சாவியும் கொடுப்பதாக ஏற்பாடு. லயத்து ஜனம் முழுக்க வந்திருந்தது. லோஜினி பார்க்க மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

பூசாரிக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. லொறிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம். கிடாய்க்கு மஞ்சத்தண்ணி தெளித்தால் தலையைச் சிலுப்பும், உத்தரவு கிடைத்துவிடும். துவக்கை என்ன செய்வது? அது எங்கே சிலுப்பப் போகிறது?

"ஆயுதந்தானே சாமி" என்றார் அழகன். "வேலுக்கு என்னா செய்வீங்களோ அதச் செய்ங்க."

முனியாண்டியின் வேலாயுதத்தைப் பூசைக்கு முன்னால் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் விளக்குவது வழக்கம். பூசாரி ஒரு உருண்டை புளியைக் கரைத்தார். அழகன் பக்தியோடு துவக்கைப் பிடித்துக்கொள்ள, பூசாரி பக்தியோடு தேய்த்தார். தோட்டத்தில் பக்திக்குப் பஞ்சமில்லை.

முதலில் கறுப்பு வழிந்தது. அழகனின் வெள்ளை வேட்டி பாழாகிப் போனது. பிறகு சாம்பல் நிறத்தில் காய்ந்த பசை கட்டி கட்டியாக உதிர்ந்தது. அதற்குக் கீழே குழல் நெடுகப் பள்ளம் பள்ளமாக, அம்மை வடு விழுந்த முகம் மாதிரி. கடைசியாகப் பூசாரி ஒரு தேய் தேய்த்தபோது குழலில் நீளமாக ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது.

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அழகன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சாமிக் குத்தமாயிருச்சு! முனியாண்டிக்குப் புடிக்கல!" என்று புலம்பினார்.

நிஷாந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் குந்தினாள். மனசுக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷம் குதித்தது உண்மைதான். ஆனால் அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

"சாமி ஒண்ணும் கோவிக்கலண்ணே. கடக்காரன் பசையப் பூசி வித்துருக்கான். இதச் சுட்டிருந்தா ஒங்க மூஞ்சி போயிருக்கும். முனியாண்டி காப்பாத்திருக்காரு."

"நல்ல துவக்கையும் புளி போட்டுத் தேச்சா இப்படித்தானே வரும்?" என்றார் தொரை. அவர் படித்தவர், சும்மா ஒத்துக்கொள்வாரா?

"கறுப்புப் போகுந்தாங்க தொரை. வெடிப்பு விழாதுங்க."

தொரை துவக்கை வாங்கி வெடிப்பில் நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் உள்ளே போனது. அவர் முகம் செத்துவிட்டது.

"சரி. இதக் கடையில திருப்பிக் குடுப்போம். நிஷாந்தி, நீங்க கண்டிக்குப் போய் வேற ஒண்ணு தெரிஞ்செடுங்க. துவக்கு வந்த பொறகு குவாட்டஸ் ஒங்களுக்குத்தான்."

ஜனம் கைதட்டியது. நிஷாந்தி தட்டவில்லை. அந்தத் தோட்டத்துக்குப் பல பேர் வந்து வீடு தருவதாகச் சொல்லி, மாலை போட்டு அத்திவாரக் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கற்களுக்கு மேலே இன்றைக்கும் புல் முளைத்திருக்கிறது, ஆடு மேய்கிறது.

"மன்னிச்சுக்கங்க தொரை" என்றாள். "வாங்குறதுக்கு முந்தி கையில எடுத்துப் பாக்கணும்னு துவக்குல படிச்சுக்கிட்டேன். வீட்டையும் அப்பிடித்தாங்க. சாவிய இப்பவே குடுங்க. நாளைக்கே கண்டிக்குப் போறேன்."

தொரையிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. அழகன்தான் உட்கார்ந்த இடத்திலிருந்து, "குடுத்துருங்க தொரை, அந்தப் புள்ள பாத்துத்தான் கேக்குது" என்றார். தொரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

சாமான் ஏற்றக் காத்திருக்கப் பொறுமை இல்லை. நிஷாந்தி வீட்டுக்கு ஓடி, ஏன் எதற்கு என்று கேட்ட லோஜினியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பூட்டு துருப்பிடித்திருந்தது, சுமன் தோளால் ஒரு இடி இடித்தான். உள்ளே தூசும் ஒட்டடையும் எலிப் புழுக்கையும் கிடந்தன. லோஜினி அறைக்குள் போனாள். கதவைப் பிடித்துப் பார்த்தாள். மெதுவாகச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

வெகு நேரம் சத்தமே இல்லை. சுமனுக்குப் பயம் வந்து கதவைத் தட்டப் போனான். நிஷாந்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "நான் சும்மாதான் இருக்கேன். கொஞ்ச நேரம் யாரும் வராதீங்க."

"யாரும் வரமாட்டாங்க சாமி. நீ இரு" என்றாள் நிஷாந்தி.