ராட்சசியின் பென் டிரைவ்

அந்த வீட்டின் இரண்டு மருமகள்களும் சமையலறையில் ஒரு நாளும் முட்டிக்கொண்டதில்லை. அவர்கள் முட்டிக்கொண்டதெல்லாம் ஹாலில், கம்ப்யூட்டருக்கு முன்னால்தான்.

அண்ணன், தம்பி, அவர்களுடைய மனைவிமார், அப்பா என ஐந்து பேர் ஒரே ஃபிளாட்டில் குடியிருந்தார்கள். மருமகள்களுக்குப் பெரியவள், சின்னவள் என்றே பேர் நிலைத்துவிட்டது. பெரியவள் ஒரு காண்ட்ராக்டருக்கு வீட்டு பிளான் வரைந்து கொடுப்பாள். படிக்கட்டு எவ்வளவு அகலம், ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்பதிலெல்லாம் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. சின்னவள் ஒரு நிறுவனத்துக்குக் குழந்தைகளுக்கான ஒலிக்கதைகள் தயாரித்தாள். எழுதி வரும் கதையைத் தானே நரியாகவும் முயலாகவும் பேசிப் பதிவு செய்வாள். ஆண் குரல் வேண்டுமென்றால் புருஷனைப் பிடித்து உட்கார வைப்பாள். பிறகு மூச்சுச் சத்தம், தொண்டைக் கனைப்பு எல்லாவற்றையும் வெட்டியெடுத்துச் சீராக்குவாள். இரண்டு வேலைக்கும் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். மாமனார் செஸ் ஆடுவதும் அதில்தான்.

பெரியவள் வந்து உட்கார்ந்தால் மவுஸ் தறிகெட்டு ஓடும்; சின்னவள் வேகத்தைக் கூட்டி வைத்திருப்பாள். சின்னவள் உட்கார்ந்தால் ஸ்பீக்கர் ஊமையாகியிருக்கும். பெரியவளுக்குச் சத்தம் ஆகாது. மாமனார் எழுந்து போன பிறகு யார் உட்கார்ந்தாலும் எழுத்துகள் கடை போர்டு அளவுக்குப் பெரிதாக நிற்கும்.

"யாரு என் படிக்கட்டைக் குப்பையில போட்டது?" என்று ஒரு நாள் பெரியவள் கேட்டாள்.

"படிக்கட்டுன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? 'புதுசு ரெண்டு'ன்னு பேர் வச்சிருந்தீங்க. இடம் இல்லைன்னு கம்ப்யூட்டர் கத்துச்சு, தூக்கிட்டேன்."

"உன் நரி ஊளையிடறது மட்டும் கூடை கூடையா இருக்கே, அதுல ஒண்ணைத் தூக்கறதுதானே?"

"ஒவ்வொண்ணும் வேற வேற ஊளைக்கா."

அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடியைக்கூட இருவரும் மாமனார் வழியாகத்தான் கேட்டு வாங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி வந்து நின்றது. அதற்கு மேல் அசைய மாட்டேன் என்றது. ரிப்பேர்காரர் வந்து மூடியைக் கழற்றி, காதை வைத்துக் கேட்டார். உள்ளே எதுவோ டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஹார்ட் டிஸ்க் போச்சு. மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு" என்றார். "இதுல இருக்கற ஃபைலை வெளிய எடுக்க முடியுமான்னு கடையில வச்சுப் பாக்கறேன். அதுவரைக்கும் வேலை நிக்கக் கூடாதுன்னா பென் டிரைவ்லயே ஓட்டலாம்."

"பென் டிரைவ்ல ஃபைல்தானே வைப்பாங்க? கம்ப்யூட்டர் எப்படி ஓடும்?" என்றார் மாமனார்.

"ஆபரேட்டிங் சிஸ்டத்தையே அதுல ஏத்திடலாம் ஐயா. ஸ்டார்ட் ஆகறப்போ ஹார்ட் டிஸ்கைத் தேடாம பென் டிரைவைப் பாத்து எழுந்துக்கும். உங்க ஃபைல், உங்க புரோகிராம், நீங்க மாத்தி வச்ச செட்டிங் எல்லாம் அதுக்குள்ளயே தங்கிடும். வேற எடத்துல வேற கம்ப்யூட்டர்ல சொருகினாலும் உங்க திரைதான் வரும். ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கிட்டா ஒருத்தர் சமாச்சாரத்துல இன்னொருத்தர் கை வைக்க முடியாது."

'ஆளுக்கு ஒண்ணு' என்று காதில் விழுந்ததும், பேசாமலிருந்ததை மறந்து மருமகள்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாமனார் அன்றைக்கே கடைக்குப் போய் மூன்று வாங்கி வந்தார். மூன்றும் கறுப்பு, மூன்றும் சுண்டுவிரல் நீளம். ரிப்பேர்காரர் ஒவ்வொன்றிலும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சிஸ்டத்தை ஏற்றினார். எந்தக் கீயை அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். "ஓடிட்டிருக்கும்போது பிடுங்கிடாதீங்க. ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் எடுக்கணும்" என்று மாமனாரைப் பார்த்தே திரும்பத் திரும்பச் சொன்னார்.

வீடு அமைதியானது. பெரியவள் தன் திரையில் வெறும் சாம்பல் நிறத்தை வைத்துக்கொண்டாள்; சின்னவளுடைய திரையில் மீன்கள் நீந்தின. மாமனார் எழுத்தை ஆசை தீரப் பெரிதாக்கிக்கொண்டார், கேட்பார் இல்லை. பெரியவளின் பென் டிரைவ் அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருக்கும். சின்னவளுடையது ஹெட்போன் பையில்.

பெரியவளுக்கு இதில் இன்னொரு லாபமும் இருந்தது. காண்ட்ராக்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவளுடைய பிளானைத் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். சமையலறை எது, குளியலறை எது என்று வாயால் சொல்லியாக வேண்டும். இப்போது தன் பென் டிரைவைச் சொருகிக் கம்ப்யூட்டரை எழுப்பினால் வீட்டில் வரைந்தது அப்படியே அங்கே வந்து நின்றது. "வீட்டையே கையோட தூக்கிட்டு வந்துட்டீங்க போல" என்றார் காண்ட்ராக்டர்.

சின்னவளுக்கு அப்போது வந்திருந்த கதையில் ஒரு ராட்சசி. அவளுடைய மோதிரத்தை எதுவோ முழுங்கிவிட்டது. குகை வாசலில் உட்கார்ந்து, வருகிற மிருகம் ஒவ்வொன்றையும் வாயைத் திறக்கச் சொல்லித் தேடுகிறாள். சின்னவள் எவ்வளவு கத்தினாலும் ராட்சசி வரவில்லை; ஜலதோஷம் பிடித்த பள்ளிக்கூடப் பிள்ளைதான் வந்தது. ஒரு மத்தியானம் மைக்கைப் போட்டுவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள். அப்போது சமையலறையில் பெரியவள் தன் கொழுந்தனை, அதாவது சின்னவளின் புருஷனை, கையும் களவுமாகப் பிடித்தாள். விருந்தாளிகளுக்கென்று வாங்கி வைத்த பிஸ்கட் அவன் வாய்க்குள் இருந்தது.

"திற வாயை! இன்னும் நல்லா திற! என்ன அடக்கி வச்சிருக்க? முழுங்கிடாத. முழுங்கினாலும் விட மாட்டேன், உள்ள கை விட்டு எடுப்பேன்!"

கொழுந்தனுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. ஆனாலும் அண்ணி அதட்டியதும் ஆவென்று திறந்து காட்டினான்.

மைக் அத்தனையையும் பிடித்து வைத்திருந்தது. ஹெட்போனில் கேட்ட சின்னவள் மேஜைமேல் கவிழ்ந்து சிரித்தாள். அந்தக் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, குகைக்குள் எதிரொலிக்கிற மாதிரி செய்து கதையில் சேர்த்துவிட்டாள். நிறுவனத்துக்கு ராட்சசியை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கதையும் வெளியானது. அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிடுவாள். புருஷனிடம் மட்டும் சொன்னாள்.

"தயவு செஞ்சு வாயைத் திறக்காத" என்றான் அவன். "அண்ணி நம்ம ரெண்டு பேரையும் சேத்து வெளிய அனுப்பிடுவாங்க."

ஒரு பல் டாக்டரம்மாவும் அவருடைய கணவரும் கட்டவிருந்த வீட்டின் பிளானைக் காண்ட்ராக்டர் ஆபீஸில் காட்டவேண்டிய நாள் வந்தது. பெரியவள் காலையில் கடைசித் திருத்தத்தை முடித்து, ஷட் டவுன் செய்து, பென் டிரைவை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். சின்னவள் வந்து தன்னுடையதைச் சொருகினாள். அடுப்பில் பால் பொங்கவே அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அடுத்து வந்தவர் மாமனார். ரிப்பேர்காரர் சொன்னதை மறக்காமல் ஷட் டவுன் செய்து, சின்னவளுடையதை எடுத்துப் பெரியவளுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். வைத்த பிறகுதான் யோசனை வந்தது. எது யாருடையது? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் நேற்று பாதியில் விட்ட ஆட்டத்தில் அவருடைய ராணி ஆபத்தில் இருந்தாள். ஒன்றைக் கண்ணாடிக் கூட்டில் போட்டார். மற்றதை ஹெட்போன் பையில் போட்டார். தன்னுடையதைச் சொருகி ராணியைக் காப்பாற்ற உட்கார்ந்தார்.

ஆபீஸில் பெரியவள் பென் டிரைவைச் சொருகி, கீயை அழுத்திவிட்டு, வாசல் எங்கே வருகிறது, காற்று எப்படி வரும் என்று சொல்லத் தொடங்கினாள். டாக்டரம்மா பிளான் வரவேண்டிய பெரிய திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு."

"பாத்த மாதிரியா?"

"இல்ல, கேட்ட மாதிரி."

அதற்குள் திரையில் மீன்கள் நீந்தின. "ஓ, ஹால்ல மீன்தொட்டியா? நல்லா இருக்கே" என்றார் டாக்டரம்மாவின் கணவர்.

பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. இது சின்னவளுடையது. அணைத்துவிடலாம் என்று கை போனபோதுதான், மீன்களுக்கு நடுவில் 'பெரியக்கா' என்று ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. தன் பேரைப் பார்த்த பிறகு திறக்காமல் இருக்க யாரால் முடியும்? உள்ளே ஒரே ஓர் ஒலி ஃபைல். 'பெரியக்கா ராட்சசி ஒரிஜினல்.' அழுத்தினாள். சின்னவள் எப்போதும் சத்தத்தை முழுசாக வைத்திருப்பாள்.

"திற வாயை! இன்னும் நல்லா திற!"

காண்ட்ராக்டர் தன்னை அறியாமல் வாயைத் திறந்தார். டாக்டரம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அதேதான்! அந்த ராட்சசி! நீங்கதானா அது?"

"எந்த ராட்சசி?" என்றாள் பெரியவள், நிஜமாகவே புரியாமல்.

"என் கிளினிக்ல தினமும் போடறோம். நாங்க எவ்வளவு கெஞ்சினாலும் வாயைத் திறக்காத பசங்க, நீங்க அதட்டினதும் கப்புனு திறந்துடறாங்க. போன வாரம் ஒரு வக்கீல்கூடத் திறந்துட்டாரு."

பெரியவள் வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என் பென் டிரைவ் உன் பையில இருக்கு. எடுத்துக்கிட்டு உடனே ஆபீஸுக்கு வா. உன்னோடது என்கிட்ட இருக்கு."

அந்தப் பக்கம் சின்னவள் மெல்ல, "திறந்து பாத்தீங்களாக்கா?"

"திறந்தாச்சு. எல்லாரும் கேட்டாச்சு. கிளம்பு."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சின்னவள் மன்னிப்புகளை ஒத்திகை பார்த்தாள். ஒன்றுகூட நன்றாக அமையவில்லை. ஆபீஸுக்குள் நுழைந்தபோது பெரியவள் வெள்ளைப் பலகையில் மார்க்கரால் வீட்டை ஞாபகத்திலிருந்தே பாதி வரைந்து முடித்திருந்தாள். பென் டிரைவை வாங்கிக்கொண்டாள்; முகத்தைப் பார்க்கவில்லை. சாம்பல் திரை வந்தது, பிளான் வந்தது, எழுத்தெல்லாம் எழுத்தாகவே தெரிந்தது. டாக்டரம்மாவுக்கு மாடி அறையின் ஜன்னல் மட்டும் இன்னும் பெரிதாக வேண்டுமாம், மற்றதெல்லாம் பிடித்துவிட்டது. கிளம்பும்போது பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த கதை எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திரும்புகிற பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"பயமா இருந்துச்சுக்கா."

"என்னைப் பாத்தா பயமா?"

"ராட்சசியைப் பாத்தா யாருக்குத்தான்..." என்று சொல்லிவிட்டுச் சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று சின்னவள் எட்டிப் பார்த்தாள். பெரியவள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியாமல் அது வெடித்தபோது டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

"சின்ன வயசுலேர்ந்து இந்தக் குரலைக் குறைச்சுக்கோ, குறைச்சுக்கோன்னுதான் எல்லாரும் சொல்வாங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொண்ணு பாக்க வந்தப்போகூட அம்மா என்னை வாயே திறக்க விடலை. இதைக் கேக்க ஆள் வரும்னு யாருக்குத் தெரியும்?"

வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதையை முழுக்கக் கேட்டாள். பக்கத்தில் சின்னவள் நகத்தைக் கடித்தபடி நின்றாள். கழற்றியபோது பெரியவளின் முகம் சிவந்திருந்தது.

"கடைசியில அவளை எதுக்கு ஏரியில தள்ளினாங்க?"

"ராட்சசி ஆச்சேக்கா."

"மோதிரம் அவளோடதுதானே? அவ பொருளை அவ தேடறா. அது ஒரு தப்பா? நியாயமே இல்லை."

சின்னவள் அப்படி யோசித்ததே இல்லை. அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாள். ராட்சசி நீந்திக் கரையேறட்டும்; ஆனால் அதே குரல்தான் பேச வேண்டும் என்று பதில் வந்தது.

சில நாள் கழித்து ரிப்பேர்காரர் பழைய ஃபைல்களில் பாதியை மீட்டெடுத்துக்கொண்டு வந்தார். படிக்கட்டு கிடைக்கவில்லை, நரியின் ஊளை மட்டும் ஒன்று விடாமல் கிடைத்திருந்தது. "புது டிஸ்க் போட்டுடட்டுமா?" என்று கேட்டார். "வேண்டவே வேண்டாம்" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில். பெரியவள் தன் பென் டிரைவில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்தாள். சின்னவள் தன்னுடையதில் பச்சை நூல் கட்டிக்கொண்டாள்.

புதுக் கதைக்காகப் பெரியவளை மைக் முன்னால் நிறுத்திய அன்று எல்லாமே சொதப்பியது. காகிதத்தை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி வாசித்தாள். திரையில் குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒலிக்கோடு எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்தது.

"அக்கா, பேப்பரைக் கீழ வைங்க" என்றாள் சின்னவள். "ஏரியை நீந்திக் கடந்து, குளிர்ல நடுங்கிக்கிட்டு, உங்க குகைக்குத் திரும்பி வர்றீங்க. உள்ள நீர்நாய்க் கூட்டம் ஒண்ணு காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. சுவரை இடிச்சு ஜன்னலையும் மாத்தி வச்சிருக்கு."

"ஜன்னலையா?"

"ஆமாக்கா. மேற்குப் பக்கமா வச்சிருக்கு."

பெரியவள் காகிதத்தைக் கீழே வைத்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். அடுத்த நொடி திரையிலிருந்த கோடு சிவப்பு எல்லையைத் தாண்டிக் குதித்தது. சின்னவள் ஹெட்போனைப் பிடுங்கி வீசினாள். கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து கதவைத் தட்டினார்.

மாமனார் கதவைப் பாதி திறந்து, உதட்டின் மேல் விரல் வைத்தார்.

"ஒண்ணும் இல்லைங்க. மூத்த மருமக வேலை பாத்துக்கிட்டிருக்கா."