ஃபலேலூபேயின் அசையாத பிள்ளைகள்

பெண்கள் கமிட்டியின் வீட்டுச் சோதனை நெருங்கினால் ஃபலேலூபே ஊரில் யாரும் நல்ல பாயில் உட்கார மாட்டார்கள். பாய்களெல்லாம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். கொசுவலை துவைத்துக் காயும். பீங்கான் தட்டுகளைத் துடைத்து அடுக்கிவிட்டு வாழையிலையில் சாப்பிடுவார்கள். சோதனையில் தோற்ற வீட்டுக்கு ஒரு பெட்டி டின் மீன் அபராதம். வாசலில் சிவப்புக் கொடி. மீன் போனால் போகிறது, கொடி ஒரு மாதம் நிற்கும். நடுக்கடலில் கிடக்கும் இந்தச் சவாய் தீவில் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. கொடி நட்ட வீட்டில் யார் முகம் எப்படித் தொங்குகிறது என்று தெருவில் போகிற பன்றிகூட நின்று பார்த்துவிட்டுப் போகும்.

நர்ஸ் மசினா மாதம் ஒருமுறை குழந்தைகளை எடை போட வருகிறவள். இந்த வருஷம் மாவட்ட ஆஸ்பத்திரி அவள் கையில் புதிதாக ஒரு படிவத்தைத் திணித்திருந்தது. குழந்தை நலப் படிவம், பதினொரு கேள்வி. கமிட்டித் தலைவி எசெதா அதை வாங்கிப் படித்து, அப்படியே சோதனையில் சேர்த்துவிட்டாள். எசெதா ஊர்ப் பெரியதலைவரின் மனைவி. அவள் எதையாவது சேர்த்தால் கழிப்பதற்கு ஊரில் ஆள் இல்லை.

ஏழாவது கேள்வி, வீட்டில் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் உண்டா என்பது. ஊருக்கே மொத்தம் ஒரு மஞ்சள் லாரி, மூக்கில்லாத ஒரு கரடி, ஆறு மரக்கட்டைகள்தான் இருந்தன. அதுவே போதுமானதாக இருந்தது. மசினாவும் கமிட்டியும் முன்பக்கமாக அடுத்த வீட்டுக்கு நடக்கும்போது, பொம்மைகள் பின்பக்கமாக வாழைமரங்களுக்கு நடுவே ஓடின. ஐந்தாவது வீட்டில் கரடிக்கு மூச்சு வாங்குவதுபோல மசினாவுக்குத் தோன்றியது. ஆனாலும் எல்லா வீட்டுக்கும் 'சரி' போட்டாள். 'இல்லை' போட்டால் ஏன் இல்லை என்று தனியாக இரண்டு பக்கம் எழுத வேண்டும்.

ஒன்பதாவது கேள்விதான் ஊரைக் கலக்கியது. பின்னால் சத்தம் கேட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கிறதா? இதைப் பற்றி கமிட்டி ஒரு மத்தியானம் முழுக்கக் கூடிப் பேசியது. பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது தலையைத் திருப்பி வேடிக்கை பார்ப்பது எவ்வளவு பெரிய மரியாதைக்கேடு! ஆஸ்பத்திரிவரை புகார் போயிருக்கிறது என்றால் நம் வளர்ப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது? அன்றைக்கே பயிற்சி ஆரம்பமானது. பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, பின்னால் நின்று தேங்காய்ச் சிரட்டையைத் தட்டினார்கள். திரும்பின பிள்ளைக்குத் தொடையில் ஒரு கிள்ளு. மூன்றே வாரத்தில் ஊரில் ஒரு கழுத்தும் அசையவில்லை.

அதில் முதல் பரிசாகச் சிவப்பு ரிப்பன் வாங்கியவள் லோசா. மூன்று வயது இன்னும் முடியவில்லை. கடலோரக் கடைசி வீட்டுச் சியெனியின் மகள். புருஷன் நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போயிருந்தான். அந்த வீடு இதுவரை ஊரில் எதற்கும் பரிசு வாங்கியதில்லை. சியெனி அந்த ரிப்பனைத் துணியில் சுற்றி வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.

சோதனையன்று கடைசியாக அந்த வீட்டுக்குத்தான் வந்தார்கள். லோசா பலகைத் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, அப்போதுதான் வந்து சேர்ந்த லாரியைத் தடவிக்கொண்டிருந்தாள். திடீரென்று தகரக் கூரையில் ஒரு முற்றின ஈரப்பலாக்காய் விழுந்தது. டமார்! மசினாவின் பேனா கையைவிட்டுப் போயிற்று. கமிட்டிப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். எசெதா குடித்துக்கொண்டிருந்த கொக்கோ பாதி அவள் மடியில். லோசா லாரியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா நர்ஸம்மா!" எசெதா மடியைத் துடைத்துக்கொண்டே கைதட்டினாள். "கூரை இடிஞ்சு விழுந்தாலும் அசையாது. இதுதான்டி வளர்ப்பு! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, பேரன். பிஸ்கட் டப்பாவ இங்க தொட்டா, சர்ச்சுல பாதி ஜெபத்துல எந்திரிச்சு ஓடியாரான்."

எல்லோரும் சிரித்தார்கள். சியெனியும் சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே குதிகாலால் தரையை இரண்டுமுறை தட்டினாள். லோசா உடனே தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள்.

பேனாவைத் தேடிக் குனிந்திருந்த மசினா அதைப் பார்த்துவிட்டாள்.

கமிட்டி முன்னால் போனதும் அவள் பின்தங்கினாள்.

"எத்தனை நாளா சியெனி?"

"எதக் கேக்குறீங்கக்கா?"

"தரையத் தட்டிக் கூப்புடுறது."

சியெனி லாரியைப் பார்த்தாள். "நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல? போன மாசமும் சரின்னுதானே போட்டீங்க. ஆஸ்பத்திரி நர்ஸே சரிங்கறாங்க, ஒருவேளை சரியா இருக்குமோன்னு நானும் ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்கினேன்."

மசினா பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். "வெள்ளிக்கிழமை காது டாக்டர் வர்றார். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவைதான் வருவார். அடுத்தவாட்டி இவளுக்கு அஞ்சு வயசு. அதுவரைக்கும் விட்டா பேச்சு வராம போயிடும். பேரு குடுப்போம்."

"வேணாம்க்கா. ரிப்பன் கையில இருக்கு. இவளக் கும்புடாத குறையா கொண்டாடுறாங்க. செவிட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சா இதே வாய் என்ன பேசும்னு உங்களுக்குத் தெரியாதா?"

சியெனி மட்டும் சம்மதித்தாலும் போதாது. டாக்டரிடம் போகிற பட்டியலில் கமிட்டியின் முத்திரை வேண்டும். முத்திரை எசெதாவின் இடுப்புப் பையில் இருந்தது. மசினா யார் பெயரையும் சொல்லாமல் கேட்டுப் பார்த்தாள்.

"காது கேக்காத பிள்ளையா? எங்க ஊர்லயா?" என்றாள் எசெதா. "அஞ்சு வருஷமா நாங்க ஒரு பேருகூட இல்லாத வெறும் பட்டியல்தான் அனுப்புறோம். அதுக்குத்தான் மெச்சிக் கடுதாசி குடுத்தாங்க, சட்டம் போட்டு மாட்டியிருக்கேன்."

மசினாவும் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள்தான். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "அதுவும் சரிதான். பக்கத்து ஊரு லெபூவாவுல ஆறு பிள்ளைங்க பேரு குடுத்துட்டாங்களாம். டாக்டர் அங்கயே சாப்பிடுவாருன்னு பேச்சு."

எசெதாவின் கை இடுப்புப் பைக்குப் போயிற்று. "லெபூவாவுலயா? அவளுக என்னத்த ஆக்கிப் போடுவாளுக? வெறும் சேப்பங்கிழங்கு!"

மறுநாள் காலையிலேயே பட்டியல் வந்தது. பத்து இடம், பத்துப் பெயர். எல்லாம் குடும்ப அந்தஸ்து வரிசைப்படி. முதல் பெயர் பெனி, எசெதாவின் பேரன், பிஸ்கட் டப்பா புகழ். லோசாவின் பெயர் இல்லை.

"லோசா?" என்றாள் மசினா.

"அவளுக்கு என்ன குறை? அவள வேற எடத்துல வச்சிருக்கேன். டாக்டர் கண்ணுல மொதல்ல படுற மாதிரி, முன்வரிசையில ரிப்பனோட உக்காரட்டும்."

வெள்ளிக்கிழமை கமிட்டி வீட்டில் பெரிய விருந்து. இரண்டு பன்றி, கூடை கூடையாகக் கிழங்கு. எசெதா தன் கல்யாணத்துக்கு வந்த பூப்போட்ட பீங்கான் தட்டுகளை எடுத்துக் கொடுத்திருந்தாள். முப்பது வருஷமாக ஒவ்வொரு சோதனையிலும் அடுக்கி வைக்கப்பட்டு, இதுவரை ஒரு பருக்கைகூடப் பார்க்காத தட்டுகள். பரிமாறுகிற வேலை வழக்கம்போல் கடலோர வீட்டுக்காரிகளுக்கு.

டாக்டர் நெட்டையான வெள்ளைக்காரர். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. பெனியை முன்னால் உட்காரவைத்து, பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினார். பெனி திரும்பவில்லை. மணி அடித்தார். திரும்பவில்லை. பாட்டியின் முகம் மலர்ந்தது. இரண்டாவது பிள்ளை, மூன்றாவது பிள்ளை, ஐந்தாவது பிள்ளை. ஒரு கழுத்தும் அசையவில்லை. டாக்டரின் நெற்றியில் வியர்வை. பத்தாவது பிள்ளையும் கல்லாக உட்கார்ந்திருந்ததும், கையிலிருந்த கிலுகிலுப்பையைத் தன் காதருகே ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

"என்னவாம்?" என்றாள் எசெதா.

"பத்துப் பிள்ளைக்கும் காது கேக்கலைங்கிறார். தண்ணியில கோளாறான்னு கேக்குறார். தலைநகருக்குச் சொல்லணுமாம்," என்று மொழிபெயர்த்தாள் மசினா.

"அவருகிட்ட சொல்லுங்க, இது ஃபலேலூபே. எங்க பிள்ளைங்க திரும்பாதுங்க."

இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று மசினா தவித்தாள். உண்மையைச் சொன்னால் ஊரின் மானம் போகும். அதைவிட, ஒன்பதாவது கேள்விக்கு அவள் போட்ட அத்தனை 'சரி'யும் அவள் பையிலேயே இருந்தன. டாக்டர் பெட்டியை மூட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரிய கருவியோடு அடுத்த தடவைதான் வருவாராம்.

அப்போது பின்பக்கத்திலிருந்து சியெனி தட்டுகளோடு வந்தாள். பன்னிரண்டு தட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. முன்வரிசையில் ரிப்பனோடு உட்கார்ந்திருந்த மகளுக்கு நேர் பின்னால் வந்து நின்றாள். மூடுகிற பெட்டியைப் பார்த்தாள். அங்கே கல்தரை. தட்டுகளைப் பிடித்திருந்த கையை விரித்தாள்.

பத்துத் தலைகளும் ஒரேயடியாகத் திரும்பின. பெனி எழுந்தே நின்றுவிட்டான். எசெதா "ஐயோ என் தட்டு!" என்று கத்தினாள். ஊர்ப் பெரியதலைவர்கூடத் திரும்பினார். லோசா மட்டும் டாக்டரின் உரிந்த மூக்கை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சியெனி குனிந்து சில்லுகளைப் பொறுக்கவில்லை. "எம்பொண்ணுக்குத்தான் காது கேக்காது," என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "பத்துப் பேருக்கும் நல்லாக் கேக்கும். இவளுக்குத்தான்."

மசினா அதை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள். பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்து, தான் போட்ட 'சரி'யை டாக்டர் கண் முன்னாலேயே அடித்தாள்.

டாக்டர் முட்டிபோட்டு லோசாவின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே வெகுநாளாக நீர் கட்டி நிற்கிறது, இந்த வாரமே மாவட்ட ஆஸ்பத்திரியில் சரி செய்யலாம் என்றார். எசெதா கொஞ்ச நேரம் தட்டுச் சில்லுகளையே பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, தீவிலேயே டாக்டர் தானாகத் தேர்ந்தெடுத்த ஒரே பிள்ளை ஃபலேலூபேக்காரி என்றும், லெபூவாக்காரர்களுக்கு இது தெரியவேண்டும் என்றும் அறிவித்தாள். கைதட்டினார்கள்.

அடுத்த மாதம் மசினா வந்தபோது யாராவது தும்மினால்கூட ஊர்ப் பிள்ளைகளெல்லாம் திரும்பினார்கள். அவள் பேனா மூடியைக் கழற்றின 'டக்'குக்கு அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின. கமிட்டி புதிதாகப் பயிற்சி கொடுத்திருந்தது.

சியெனி வீட்டு வாசலில் சிவப்புக் கொடி. விருந்தாளி முன்னால் பீங்கான் உடைத்ததற்கு. கடல் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"நான் எசெதாகிட்ட பேசறேன். எடுத்துடச் சொல்றேன்," என்றாள் மசினா.

"வேணாம்க்கா, இருக்கட்டும். பாருங்க."

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்த லோசா அவர்களுக்கு முதுகைக் காட்டி மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். காற்று ஓய்ந்தது, கொடி தொங்கியது. மறுபடி காற்று அடித்தது. படபடத்ததும், லோசா தோண்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.