வேலுத்தாய் எல்லா மேசைக்கும் வருவாள்

ஆறு வருஷத்துக்குப் பிறகு பெரியப்பா ஐயாதுரை போன் செய்தார். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏட்டி ஈஸ்வரி, ஞாயித்துக்கிழமை மத்தியானம் எட்டுப் பேருக்கு இடம் வேணும். கோயம்புத்தூர்ல இருந்து நம்ம மில்லுக்கு நூல் வாங்குத பார்ட்டி வாராக. உங்க கடையிலதான் சாப்பிடணும்னு அவியளே கேக்காக."

ஈஸ்வரி சாதி மாறி சதீஷைக் கட்டிக்கொண்ட அன்று, "செத்துட்டாள்னு தலை முழுகுங்க" என்று வீட்டாரிடம் சொன்னவர் அவர்தான். ராஜபாளையத்தில் பழைய பஞ்சு கோடவுனை எடுத்து அவர்கள் ஆறு மேசை போட்டுச் சாப்பாட்டுக் கடை திறந்தபோது, அங்கே யாரும் சாப்பிடப் போகக் கூடாது என்று கல்யாண வீடு தோறும் சொல்லி வைத்தவரும் அவரே. முதல் வருஷம் ஊர்க்காரர் ஒருவரும் படியேறவில்லை.

சதீஷின் அம்மா வேலுத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் மில் தொழிலாளர் மெஸ்ஸில் இருபது வருஷம் சமைத்தவள். கடைக்கு அவள் பெயரையே வைத்தார்கள். ஏழு பதார்த்தங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் வரும். ஒவ்வொரு மேசைக்கும் வேலுத்தாயே வந்து அது என்ன, எப்படிச் செய்தது என்று சொல்வாள். சென்னைப் பத்திரிகை ஒன்று எழுதியது. போன வருஷம் நாட்டின் சிறந்த ஐம்பது உணவகங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். இப்போது ஒரு மாதம் முன்னால் சொன்னால்தான் இடம்.

"ஒண்ணு மட்டும்," என்றார் பெரியப்பா. "உன் மாமியா அந்த நேரம் வெளிய வர வேண்டாம்."

"எப்படியாவது இடம் தாரேன், வாங்க. ஆனா அத்தை வருவாக. எல்லா மேசைக்கும் வருவாக."

"அத அப்பப் பாத்துக்கிடலாம்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெரியம்மா பாலம்மாளும் கூட வந்திருந்தாள். முதலில் சப்பட்டை ரக மாங்காய்ச் சீவல். அடுத்து கம்புத் தோசையும் குடல் குழம்பும். முந்தானையில் கையைத் துடைத்தபடி வேலுத்தாய் வந்து நின்றாள்.

பெரியப்பா இலையைத் தள்ளினார். "ஏட்டி, நான் என்ன சொன்னேன்?"

"நான் சொன்னதும் ஞாபகம் இருக்கா, பெரியப்பா?" ஈஸ்வரி கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். "நீங்க சாப்பிடுதது இவிய கைப் பக்குவம். ஆள ஒளிச்சு வச்சிட்டு சாப்பாடு மட்டும் வேணும்னா, இங்க கெடையாது."

வேலுத்தாய் திரும்பிப் போகப் பார்த்தாள். ஈஸ்வரி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "நில்லுங்க அத்தை."

"எந்திரிங்க, போவோம்!" பெரியப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

கோயம்புத்தூர்க்காரர்களில் மூத்தவர் தோசையைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தார். "நாங்க சாப்பிட்டுட்டே வர்றோமுங்க."

பெரியப்பா விறுவிறுவென்று காருக்குப் போனார். பாதி எழுந்திருந்த பாலம்மாள் அப்படியே நின்றாள். வெளியே ஹார்ன் அடித்தது. அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ஹார்ன் இன்னொரு தடவை, இந்த முறை நீளமாக அடித்தது. அவள் வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

"மதினி," என்று வேலுத்தாயை நிமிர்ந்து பார்த்தாள், "குடலுக்கு என்ன அரச்சு ஊத்துனீக?"

ஆறு வருஷத்தில் முதல் தடவையாகச் சம்பந்தி வாயிலிருந்து அந்த முறைப்பெயர் வந்ததும் வேலுத்தாய் மேசையை நெருங்கி வந்தாள். "வறுத்த தேங்காயும் கசகசாவும்..." என்றாள் மெதுவாக. "இன்னொரு தோசை போடச் சொல்லட்டா?"

"ரெண்டாப் போடச் சொல்லுங்க" என்றாள் பாலம்மாள்.