சைனப் சொன்னதும் நான் சொன்னதும்

எண்ணூறு மீட்டரில் சைனப்பை ஜெயிக்கிற கால் எனக்கு இல்லை. மூன்று வருஷம் அவள் முதுகைப் பார்த்தே ஓடினேன். ஆனாலும் எங்களுக்குள் சண்டை கிடையாது. ஒத்தக்கடையிலிருந்து பஸ் பிடித்து நான் வந்து சேரும்வரை காத்திருந்து, என்னோடு சேர்ந்துதான் முதல் ரவுண்டு போவாள்.

அவள் அத்தா நாகூர் கனி புதுமண்டபத்தில் தையல்காரர். வயசுக்கு வந்த பிள்ளை மைதானத்தில் ஓடுவதா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது, கணுக்கால்வரை மூடும்படி ஒரு பேண்ட் தைத்துக் கொடுத்து அத்தனை பேர் வாயையும் அடைத்த மனுஷர்.

எண்பத்தைந்தில் தேசிய ஜூனியர் அணிக்கான தேர்வு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்தது. பெண்கள் எண்ணூறுக்கு ஒரே ஒரு இடம். சைனப் முதலில் வந்தாள். நான் வழக்கம்போல இரண்டாவது. மூச்சு வாங்கி முடிப்பதற்குள் டெல்லியிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டார். ஜெயித்தவர்கள் ஊக்கமருந்து சாப்பிட்டுவிட்டு ஓடினார்களா என்று பார்க்கச் சிறுநீர் சோதனையாம். எங்களுக்கு அது புதுசு. டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது, சைனப்புக்கு இங்கிலீஷ் வராது. கான்வென்டில் படித்த பெருமையோடு நானும் கூடப் போனேன்.

கதவைத் திறந்து வைத்து, அவர் கண் முன்னாலேயே பாட்டிலில் பிடிக்க வேண்டும் என்றார். அன்று சைனப்புக்கு மாதவிலக்கு. பெற்ற தாயிடமே அதைத் தலைகுனிந்து சொல்கிற பெண் அவள். என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அவுக பாக்கையில எப்படிடி அன்னம்? செத்துருவேன். கதவுக்கு வெளிய நிக்கச் சொல்லு. இல்லாட்டி ரெண்டு நாள் கழிச்சு எம்புட்டு வேணும்னாலும் தாரேன்னு சொல்லுடி."

சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்கும். அவரும் பெண்தானே, முகத்தையாவது திருப்பிக்கொண்டிருப்பார். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

"தர மாட்டேங்கிறாள்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

மறுத்தால் மருந்து சாப்பிட்டதற்குச் சமம், இரண்டு வருஷம் தடை விழும் என்று டாக்டரம்மா மூன்று தடவை எச்சரித்தார். நல்ல பொம்பளை. மூன்று தடவையும் நான் சைனப்பிடம் வேறு எதையோ சொன்னேன். கடைசியில், ரெண்டு நாள் கழித்து வாங்கிக்கொள்கிறார்களாம், கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்றேன். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் பெயரைத் தமிழில் எழுதினாள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அவள் தலைக்குக் குளித்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல் மைதானத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒருவரும் இல்லை. உச்சிவெயில்வரை உட்கார்ந்திருந்தாளாம்.

அடுத்த வாரம், சோதனைக்கு மறுத்ததால் இரண்டு வருஷம் தடை என்று பேப்பரில் அவள் பெயர் வந்தது. நாகூர் கனி அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். எங்கே போனாலும் அந்தக் கையெழுத்தைத்தான் காட்டினார்கள். என் மகள் மாத்திரை விழுங்கவே பயப்படுவாள் ஐயா என்று ஒவ்வொரு மேஜை முன்னாலும் நின்று சொன்னார். பிறகு அவரும் ஓய்ந்துபோனார். முணுமுணுத்த வாய்கள் மறுபடி திறந்தன. மூன்றே மாதத்தில் மேலூரில் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார்கள்.

அவளுக்குப் பதிலாக நான் தேசிய அணி முகாமுக்குக் கிளம்புகிற அன்று சைனப் ஒத்தக்கடைக்கு வந்தாள். மஞ்சள் பையிலிருந்து அவள் ஓடுகிற ஸ்பைக்ஸ் ஷூவை எடுத்து என் மடியில் வைத்தாள். பழைய துணியால் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாள்.

"எனக்கு இனி எதுக்கு? ஒனக்குச் சரியா இருக்கும். அந்தம்மாதான் ஏமாத்திட்டாக. நீ எனக்காக எம்புட்டு நேரம் பேசுன. அத்தாகிட்டயும் சொன்னேன், அன்னக்கொடி மட்டும் அங்கன இல்லாட்டி நான் அழுதே செத்திருப்பேன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்காக அழுகிறேன் என்று நினைத்து, முந்தானை நுனியால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். நான் ஷூவைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அவளே பெட்டியைத் தூக்கி வந்து என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள்.